புக்கெட் தீவில் நான்கு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை ஆகஸ்டு மாதத்தில், அசட்டுத் துணிச்சலோடு, அடுத்தது குழந்தைகளோடு, கடைசியாக, எழுபதைத் தாண்டிய அம்மாவோடு. அன்றிலிருந்து புக்கெட்டுக்கு டிக்கெட் எடுக்கிற சொந்தக்காரர், அடுத்த வீட்டார், அலுவலகத் தோழர் என்று யார் வந்தாலும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். விலைகளை மட்டும் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாளில் தீவு முழுவதையும் சுற்றிப் பார்த்துவிடலாமா?

முடியாது, முயலவும் வேண்டாம். தீவு என்றதும் ஒரு பொழுதில் சுற்றி வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. புக்கெட்டின் பரப்பு 543 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய சிங்கப்பூரில் முக்கால் பங்கு. வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு 48 கிலோமீட்டர். மேற்குக் கரை நெடுகக் கடற்கரைகள். அவற்றுக்கு இடையிடையே மலை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. சாலை அந்த மலைகளின் மேல் ஏறி இறங்கி வளைந்து போகிறது. மாலை நெரிசலும் சேர்ந்துகொண்டால், வரைபடத்தில் விரற்கடை தூரம் காரில் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

என் கணக்கு இதுதான்: நான்கு இரவும் ஒரே விடுதி, ஒரு நாள் படகுக்கு, ஒரு நாள் பழைய நகரத்துக்கு, ஒரு நாள் நீங்கள் தங்கியிருக்கும் கடற்கரைக்கு. வந்த நாளும் திரும்பும் நாளும் அரைகுறைதான். புக்கெட்டில் இரண்டு இரவு, பக்கத்து ஃபீ ஃபீ தீவில் ஓர் இரவு, பெருநிலத்துக் கிராபியில் ஓர் இரவு என்று பிரித்துப் போடுகிறவர்கள் பெட்டியை அடுக்குவதையும் பிரிப்பதையும்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

எந்த மாதம் போகலாம்?

மற்ற கேள்விகள் எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். புக்கெட் அந்தமான் கடலைப் பார்த்த தீவு. கேரளத்துக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை இந்த மேற்குக் கரைகளில் வந்து மோதுகிறது. மழையாவது வந்து போய்விடும், அலைதான் தொல்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் குளம்போலக் கிடக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விடுதி வாடகை கண்ணைக் கட்டும். நவம்பர் கடைசி அல்லது பிப்ரவரி என் தேர்வு.

பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு ஏப்ரல்தான் வாய்க்கும். வெயில் கடுமை, ஆனால் கடல் நன்றாக இருக்கும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், தாய்லாந்தின் புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பும் அதுவும் ஒரே சூரியக் கணக்கில் வருபவை. நாம் மாங்காய்ப் பச்சடி வைக்கும் நாளில் அவர்கள் தெருவில் போகிற எல்லார் மேலும் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். கைப்பேசியைப் பிளாஸ்டிக் உறையில் போடாமல் வெளியே கால் வைக்காதீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் புக்கெட்டை விட்டுவிட்டு, தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சாமுயித் தீவைப் பாருங்கள். அங்கே கணக்கு தலைகீழ். சென்னையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நனைக்கிற வடகிழக்குக் காற்றுதான் சாமுயியையும் நனைக்கிறது.

விசா வேண்டுமா?

2024 ஜூலை 15 முதல் இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு 60 நாள் வரை விசா விலக்கு கொடுத்தார்கள். இப்படிப்பட்ட விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். 2025 மே முதல் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது: தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் கண்ணில் பட்டால் அது அரசின் தளம் இல்லை, மூடிவிடுங்கள். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. குடிவரவு அதிகாரி எப்போதும் கேட்பதில்லை. கேட்கும் நாளில் கைப்பேசியில் சார்ஜ் இருக்காது.

எந்தக் கடற்கரையில் தங்குவது?

யாரோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பட்டாங் என்றால் கூட்டம், கடைகள், விடியும்வரை இரைச்சல். இந்திய உணவகங்களும் இங்கேதான் அதிகம். அதற்குத் தெற்கே கரோன்: நீண்ட, அகலமான மணல், காலுக்கடியில் கீச்சுக்கீச்சென்று ஒலிக்கும். அடுத்து கட்டாவும் சின்னதான கட்டா நோயும்; குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் முதல் வாக்கு கட்டாவுக்கு. நடந்துபோகிற தூரத்தில் சாப்பாடு, மருந்துக் கடை, துணி வெளுக்கக் கொடுக்கும் கடை எல்லாம் இருக்கின்றன. ராத்திரியில் தூங்கவும் முடிகிறது. தென்கோடியில் நை ஹார்ன் அழகு, ஆனால் வாகனம் இல்லாமல் அங்கே சிரமம். வடக்கே பாங் தாவ், சூரின் பக்கம் பெரிய சொகுசு விடுதிகள். பணமும் அமைதியும் சம அளவில் வேண்டியவர்களுக்கு.

ஒரு தந்திரம். கடலுக்குள் இறங்குவதில் ஆசை இல்லை, ஊரையும் சாப்பாட்டையும் பார்த்தால் போதும் என்பவர்கள் புக்கெட் நகரத்திலேயே தங்கலாம். வாடகை பாதிதான் இருக்கும்.

விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது?

விமான நிலையம் தீவின் வட கோடியில். கட்டாவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மேற்குக் கடற்கரை வழியாகத் தெற்கே ரவாய் வரை போகும் பஸ் சுமார் 100 பாட் (தாய்லாந்துப் பணம்). நகரத்துக்குத் தனி பஸ். பெட்டி படுக்கையோடு குடும்பமாக இறங்கினால் கிராப் அல்லது போல்ட் செயலியில் கார் அழைப்பதுதான் சுகம். பலர் சேர்ந்து போகும் வேன் மலிவு. ஆனால் வழியில் ஏதாவது ஒரு சுற்றுலா அலுவலகத்தில் நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, “எந்த விடுதி? நாளை எங்கே போகிறீர்கள்?” என்று படகுப் பயணம் விற்கப் பார்ப்பார்கள். சிரித்துத் தலையாட்டிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருங்கள்.

தீவுக்குள் ஸ்கூட்டர் எடுக்கலாமா?

எனக்குப் பயம், எடுக்கவில்லை. எடுப்பதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். அதில் இருசக்கர வாகனத்துக்கான முத்திரையும் இருக்க வேண்டும். இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். பட்டாங்குக்கு இறங்கும் மலைச்சாலை மழைநாளில் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். கடவுச்சீட்டை அடகுபோல வாங்கி வைத்துக்கொள்ளும் கடையில் வண்டி எடுக்கவே கூடாது.

பகலில் மலிவான வழி சொங்தேவ். இரண்டு பக்கமும் நீள இருக்கை போட்ட நீல நிறத் திறந்த பஸ். புக்கெட் நகரத்தின் ரனோங் சாலைச் சந்தைக்கு முன்னாலிருந்து ஒவ்வொரு கடற்கரைக்கும் கிளம்புகிறது. சுமார் 50 பாட். கீரைக்கட்டு, மீன் கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆகியோரோடு நீங்களும் ஒருவர். மாலையானால் நின்றுவிடும். அதன் பிறகு டுக்டுக்காரர் சொல்வதுதான் விலை. பேரம் பேசி முடித்த பிறகு ஏறுங்கள்.

படகுப் பயணத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது: ஃபீ ஃபீயா, பங் ங்கா விரிகுடாவா, சிமிலனா?

மூன்றையும் மூன்று நாளில் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். திரும்பும்போது முகம் கருத்து, இடுப்பு ஒடிந்து, எந்தத் தீவில் எந்தப் படம் எடுத்தோம் என்பதே குழம்பிப்போயிருக்கும். ஒன்று போதும்.

ஃபீ ஃபீ தீவுகள் தென்கிழக்கே. ரசாதா துறையிலிருந்து பெரிய படகில் இரண்டு மணி நேரம், ஸ்பீட் போட்டில் ஏறக்குறைய ஒரு மணி. அங்கே எல்லாரும் பார்க்க விரும்பும் மாயா விரிகுடா, கூட்டத்தால் பவளப்பாறைகள் நாசமாகி 2018 ஜூனில் மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்போது படகுகள் முன்பக்கம் வரக் கூடாது. பின்பக்கத் துறையில் இறங்கிச் சின்னக் காட்டு வழியாக நடக்க வேண்டும். தண்ணீரில் முழங்கால் அளவுக்கு மேல் இறங்க அனுமதி இல்லை. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஆண்டுதோறும் மூடுகிறார்கள். கரும்புள்ளித் துடுப்புச் சுறாக்குட்டிகள் ஆழமில்லாத தண்ணீருக்குத் திரும்பி வந்திருக்கின்றன. கரையில் நின்றபடியே நாங்கள் இரண்டைப் பார்த்தோம். நீந்துவதும் ஸ்நார்கெல் மாட்டி மீன் பார்ப்பதும் அக்கம்பக்கத்து இடங்களில்.

பங் ங்கா விரிகுடா வேறு மாதிரி. கடலுக்குள்ளிருந்து சுண்ணாம்புப் பாறைகள் நட்டுவைத்த தூண்களாக எழுந்து நிற்கின்றன. சில பாறைகளுக்குள் குகை வழி இருக்கிறது. ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், சரியான மட்டத்தில் இருக்கும்போது காற்றடைத்த சின்ன ஓடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதற்குள் போக வேண்டும். மூக்கு நுனிக்கு ஒரு சாண் மேலே பாறை. இருட்டு, வௌவால் நாற்றம். சட்டென்று மேலே வானம் திறந்து, நாலு பக்கமும் செடிகொடி படர்ந்த சுவருக்கு நடுவே ஒரு குளத்தில் மிதப்பீர்கள். உள்ளூரில் இதை ‘ஹோங்’ என்கிறார்கள். தாய் மொழியில் அறை என்று பொருள். அம்மா அந்த ஓடத்தில் ஏறமாட்டேன் என்று அரை மணி அடம்பிடித்தார். வெளியே வந்ததும் இன்னொரு முறை போகலாமா என்று கேட்டார்.

அதே விரிகுடாவில்தான் ஜேம்ஸ் பாண்ட் தீவு என்று எல்லாரும் அழைக்கிற பாறையும் இருக்கிறது. உண்மைப் பெயர் கோ தாப்பு. தாப்பு என்றால் ஆணி. தலைகீழாக அடித்த 20 மீட்டர் ஆணிபோலவே நிற்கிறது. அங்கே அரை மணிக்கு மேல் வேண்டாம். கோ பன்யீ கிராமத்துக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். ஜாவாவிலிருந்து வந்த முஸ்லிம் மீனவர் வழியினர் கடலுக்குள் கால் ஊன்றிக் கட்டிய ஊர். நிலமே இல்லாத அந்த ஊரில் 1986 உலகக் கோப்பையைப் பார்த்த சிறுவர்கள் பழைய பலகைகளைத் திரட்டி மிதக்கும் மைதானம் கட்டிக் கால்பந்து ஆடினார்கள்.

சிமிலன் தீவுகளின் தண்ணீர் மற்ற இரண்டையும்விடத் தெளிவு. ஆனால் படகு கிளம்பும் துறை புக்கெட்டுக்கு வடக்கே பெருநிலத்தில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே வேனில் ஏற வேண்டும். மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை பூட்டு.

ஆக, நீந்தத் தெரிந்த இளவட்டம் ஃபீ ஃபீக்குப் போகலாம். குழந்தை, முதியவர் இருந்தால் பங் ங்கா. அது நிலத்துக்குள் ஒடுங்கிய விரிகுடா என்பதால் அலை குறைவு, குலுக்கல் இல்லை. தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் (ஃபீ ஃபீக்குப் பெரியவருக்கு 400 பாட், பங் ங்காவுக்கு 300 பாட்) பயண விலையில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். வானிலை மோசம் என்று படகு ரத்தானால் வருந்தாதீர்கள். 2018 ஜூலையில் எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போன சுற்றுலாப் படகு ஒன்று புக்கெட்டுக்கு அருகே கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள்.

கடலில் இறங்குவது ஆபத்தா?

கொடியைப் பாருங்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தால் இறங்கவே கூடாது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அந்த முதல் ஆகஸ்டில், கரோனில், ‘இடுப்பளவுதானே’ என்று இறங்கினேன். அலை திரும்பிப் போகும்போது காலடி மணலை யாரோ பாயை உருவுவதுபோல உருவினார்கள். அடுத்த நொடி தரை இல்லை. கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அது. எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவோம், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தித்தான் வெளியேற வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குக் காப்பாற்றியது உயிர்காப்பாளர் ஒருவரின் விசிலும் அவர் வீசிய மிதவையும். கரைக்கு வந்ததும் அவர் திட்டவில்லை. கொடியைக் கையால் சுட்டிக்காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கரையில் சில இடங்களில் கம்பத்தில் வினிகர் பாட்டில் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். பெட்டி ஜெல்லி மீன் கொட்டினால் ஊற்றுவதற்கு. கொட்டிய இடத்தைத் தேய்க்கக் கூடாது. வினிகரை ஊற்றிவிட்டு 1669 எண்ணில் ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும்.

சுனாமி பயம் இருக்கிறதே?

2004 டிசம்பர் 26 நமக்கும் மறக்காத தேதி. அதே அலை இந்தக் கரையையும் அடித்தது. தாய்லாந்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதிகமாகப் பக்கத்து பங் ங்கா மாகாணத்தின் காவ் லாக்கில். இப்போது கடற்கரைகளில் எச்சரிக்கைக் கோபுரங்களும், மேட்டுக்கு ஓட வேண்டிய திசையைக் காட்டும் பலகைகளும் இருக்கின்றன. வந்த முதல் நாள் மாலை நடக்கும்போது அந்தப் பலகையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், போதும். வடக்கே சுரின் தீவுகளில் வாழும் மோக்கன் கடலோடிகள் அன்று கடல் உள்வாங்கியதைக் கண்டதுமே, முன்னோர் சொன்ன கதையை நினைத்து மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் காரியம் ஆகாது. காய்கறிப் பொரியலை முன்னால் வைத்துவிட்டு அதில் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். மீன் சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி. அதை அசைவம் என்றே யாரும் நினைப்பதில்லை. சொல்ல வேண்டிய சொல் ‘ஜே’. ‘கின் ஜே’ என்றால் சீன மரபுச் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. நம் வீட்டு விரதச் சமையலுக்கு அண்ணன் தம்பி. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து பதித்த கடை என்றால் ஜே கடை. மற்ற இடங்களில் ‘மை சாய் நாம் பிளா’, மீன் சாறு ஊற்றாதீர்கள் என்று சொல்லலாம். ‘மை பெட்’ என்றால் காரம் வேண்டாம். ஆனாலும் கொஞ்சம் காரம் இருக்கும்.

சைவக்காரர்களுக்கென்றே அமைந்ததுபோல ஒரு திருவிழாவும் இங்கே உண்டு. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, ஒன்பது நாள். 1825-இல் கத்து என்ற சுரங்க ஊருக்கு வந்த சீன நாடகக் குழு நோயில் விழுந்து, சைவ விரதம் இருந்து குணமானது என்பது வழிவழிக் கதை. நகரமே ஜே சாப்பாட்டுக்கு மாறிவிடும். கூடவே சாமி வந்தவர்கள் கன்னத்தில் வேலும் வாளும் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள், தீ மிதிப்பார்கள். நம் ஊர்ப் பங்குனித் திருவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அன்னியமாகவே தோன்றாது. வெடிச்சத்தம்தான் காதைப் பிளக்கும். பருவமழையின் கடைசி என்பதால் கடல் மட்டும் நிச்சயமில்லை.

அசைவக்காரர்களுக்கு நான் என்ன சொல்ல? காலை எட்டு மணிக்கு கனோம் ஜீன் கடைக்குப் போங்கள். நம் இடியாப்பத்தைச் சற்றுத் தடிமனாக்கிய அரிசி நூல். அதன் மேல் தேங்காய்ப்பால் மீன் குழம்பு. மேசை நடுவே பச்சைக் காய்கள், இலைகள், ஊறுகாய் என்று தட்டுத் தட்டாக இருக்கும். வேண்டியதைக் கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம். எதிரில் உட்கார்ந்திருந்த பாட்டி என் தட்டைப் பார்த்துவிட்டு, பேசாமல் ஒரு பிடி துளசி வகை இலையைக் கிள்ளி என் குழம்பில் போட்டார்.

பழைய நகரத்தில் என்ன பார்க்க?

கடலைவிட எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புக்கெட்டின் செல்வம் ஈயம், அதாவது வெள்ளீயம். அதைத் தோண்ட ஹொக்கியன் சீனர்கள் பினாங்கு வழியாக வந்தார்கள், கடைவீடுகள் கட்டினார்கள். கீழே கடை, மேலே வீடு, முகப்பில் ஐரோப்பியப் பூவேலை, சன்னலில் சீனச் சித்திரம். முன்புறம் வெயில் மழை படாமல் நடக்கத் தொடர்ச்சியான தாழ்வாரம்; மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் ‘அஞ்சடி’ என்று சொல்லும் அதே நடைபாதை. தலாங் சாலை, டிபுக் சாலை, இடையில் ரொமானி சந்து. இவ்வளவுதான் இடம். காலை ஒன்பதுக்குள் நடந்துவிடுங்கள். அல்லது ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள், தலாங் சாலை முழுக்க நடைச் சந்தையாகிவிடும். 2015-இல் யுனெஸ்கோ இந்த நகரத்தைச் சமையல் கலை நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. காரணத்தை அந்தச் சந்தையில் நாக்கு சொல்லும்.

தலாங் சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் இந்திய முஸ்லிம் வழியினரைப் பார்க்கலாம். ரொட்டிக் கடையில் மாவைத் தட்டி, வீசி, மடித்துப் போடுகிற கை நம் பரோட்டா மாஸ்டரின் கைதான். குழம்பில் மட்டும் இனிப்பு ஒரு படி கூட.

தமிழ் வாசகருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. புக்கெட்டுக்கு வடக்கே பெருநிலத்தில் இருக்கும் தாகுவா பா பழைய துறைமுகம். அங்கே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ‘அவனிநாரணம்’ என்ற குளத்தையும், அதைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அதே பகுதியில் கிடைத்த திருமால் சிலை புக்கெட்டின் தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்சாதனமும் கூட்டமில்லாத அறையுமாக, உச்சி வெயில் நேரத்துக்கு ஏற்ற இடம். பழைய ஐரோப்பிய வரைபடங்களில் இந்தத் தீவுக்கு ‘ஜங்க் சிலோன்’ என்று பெயர் போட்டிருப்பார்கள். இலங்கையோடு இதற்குத் தொடர்பில்லை, ‘உஜோங் சாலாங்’ என்ற மலாய்ப் பெயர் வெள்ளையர் வாயில் பட்ட பாடு.

பெரிய புத்தர் சிலை?

நாக்கெர்ட் மலை உச்சியில் 45 மீட்டர் வெள்ளைப் புத்தர். 2024 ஆகஸ்டில் அந்த மலைச்சரிவில் மண் சரிந்து 13 பேர் இறந்ததைத் தொடர்ந்து மூடினார்கள். போகும் வாரத்தில் விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள். வாட் சலோங் கோயில் எப்போதும் இருக்கிறது. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது, கையில் நேராக எதையும் கொடுக்கவும் கூடாது.

யானைச் சவாரி?

வேண்டாம். குரங்கு, தேவாங்கு ஆகியவற்றைத் தோளில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லி வருகிறவர்களிடமும் வேண்டாம். குட்டியைப் பிடிப்பதற்காகத் தாயைக் கொன்றிருப்பார்கள். பாங் பே அருவிக்கு அருகில், இப்படி மீட்ட கிப்பன் குரங்குகளைக் காட்டுக்குப் பழக்கும் நிலையம் இருக்கிறது, தூரத்திலிருந்து பார்க்கலாம். விடிகாலையில் அவை கூவினால் காடே பாடுவதுபோல இருக்கும்.

ஏமாற்றுகிறார்களாமே?

எல்லாச் சுற்றுலா ஊரிலும் இருக்கிற அளவுதான். பழைய வித்தை ஜெட் ஸ்கீ: ஓட்டிவிட்டு வந்ததும், முன்பே இருந்த கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பது. என் மைத்துனர் இதில் மாட்டி, பாதிக்குப் பேசி முடித்து, அன்று முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தார். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளம்பும் முன் நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். தகராறு என்றால் சுற்றுலாக் காவல் எண் 1155, ஆங்கிலம் பேசுவார்கள்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

ஒரு பாட் இரண்டரை இந்திய ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் இடையில் ஊசலாடும். வெளிநாட்டு அட்டைக்கு அங்குள்ள ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் கட்டணம் பிடிக்கும்; கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள். டாலர் கொண்டுபோனால் கசங்காத 100 டாலர் நோட்டுக்கு நல்ல விலை. சந்தையிலும் சொங்தேவிலும் சில்லறைதான் செல்லும்.

சட்டத்தில் எதற்குக் கவனமாக இருக்க வேண்டும்?

மின் சிகரெட் தடை. பையில் இருந்தாலே குற்றம். அரச குடும்பத்தைப் பற்றி வேடிக்கையாகக்கூடப் பேச வேண்டாம். அவர்கள் நோட்டில் இருப்பது அரசரின் படம் என்பதால், பறக்கும் நோட்டைக் காலால் மிதித்துப் பிடிக்காதீர்கள். கஞ்சாக் கடைகளைப் பார்த்து வியக்க வேண்டாம். 2022-இல் தளர்த்தினார்கள், 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மீண்டும் இறுக்கினார்கள். ஊருக்குக் கொண்டுவந்தால் நம் சட்டம் இருக்கிறது.

குடும்பத்தோடு பட்டாங்கின் பாங்லா சாலைக்கு, அந்த இரவு மதுக்கூடத் தெருவுக்கு, போகலாமா?

மாலை ஏழு மணிக்கு ஒரு நடை நடந்து திரும்பிவிடலாம். பத்துக்கு மேல் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான்கு நாளையும் வரிசையாகச் சொல்லிவிடுங்களேன்?

வந்த நாள் பெட்டியை வைத்ததும் கடற்கரை, சீக்கிரம் தூக்கம். இரண்டாம் நாளே படகு. கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். காற்று அடித்து ரத்தானால் மாற்று நாள் கையில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை எங்கும் போகாமல் உங்கள் கடற்கரை. மாலை நாலரைக்குக் கிளம்பி, தென்முனையில் பிரோம்தெப் முனையில் சூரியன் மறைவு. பனைமரங்கள் இறங்கும் பாறைச் சரிவும் கூட்டமும் சேர்ந்தே இருக்கும். நான்காம் நாள் பழைய நகரம், அருங்காட்சியகம், சந்தை. நான்காம் நாள் ஞாயிறாக அமையும்படி டிக்கெட் போட்டால் நடைச் சந்தையும் கிடைக்கும். மறுநாள் திரும்புதல்.

விடுதி அறையைப் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும், விமானம் இரவில். இடையில் என்ன செய்வது?

நை யாங். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, சிரினாத் தேசியப் பூங்காவை ஒட்டிய கடற்கரை. பெரும்பாலோர் அதைத் தாண்டி நேராக விமான நிலையத்துக்குப் போய், ஐந்து மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடப்பார்கள். நீங்கள் பெட்டிகளோடு இங்கே இறங்கி, கரையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் அவற்றை வைத்துவிட்டுச் சவுக்கு மர நிழலில் பாய் விரியுங்கள். கடையில் ஓர் இளநீரும் அன்னாசிச் சோறும் சொல்லிவிட்டால் யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். எங்கள் அம்மா அங்கேதான், மூன்று நாளாகத் தொடாத கடலில், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் நனைத்தார். மாலை ஏழுக்கு எழுந்து மணலைத் தட்டிவிட்டு, கடவுச்சீட்டு இருக்கிறதா என்று பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு கிளம்பினால் பத்து நிமிடத்தில் விமான நிலையம்.